ஒரு கழித்தல் குறியின் வரலாறு: கீற்றணியும் முப்பட்டகமும் லேசர் துடிப்பைச் சுருக்கிய விதம்

எங்கள் ஆய்வகத்தில் இந்தப் பருவத்தில் புதிதாகச் சேர்ந்த மாணவி ஒருவர், லேசர் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு என்னிடம் கேட்ட கேள்வியிலிருந்து தொடங்குகிறேன். "அண்ணா, கீற்றணியில் சிவப்புதான் அதிகம் விலகுகிறது. முப்பட்டகத்தில் நீலம்தான் அதிகம் விலகுகிறது. இரண்டும் எதிரெதிராக விலக்கும்போது, இரண்டுமே துடிப்பை ஒரே திசையில் சுருக்குவது எப்படி?"

எல்லோரும் சொல்லும் பதிலைச் சொன்னேன். கீற்றணி இணையில் சிவப்பு நீண்ட பாதையில் செல்கிறது. முப்பட்டக இணையில் சிவப்பு அதிகக் கண்ணாடியைக் கடக்கிறது. இரண்டிலும் சிவப்பு பின்தங்க, நீலம் அதை எட்டிப்பிடிக்கிறது. பதில் தவறில்லை. ஆனால் அது அவருடைய கேள்விக்கான பதிலும் இல்லை. இரண்டிலும் ஏன் சிவப்பே பின்தங்க வேண்டும்? ஐந்தாண்டுகளாக இந்தக் கருவிகளைச் சீரமைத்து வரும் எனக்கு உடனே சொல்லத் தெரியவில்லை. அன்றிரவு பழைய கட்டுரைகளை எடுத்து வைத்துப் படித்தேன். அந்தப் படிப்பின் விளைவே இப்பதிவு. நீளமானது, பொறுத்தருள்க.

முதலில் சிக்கலைச் சொல்லிவிடுகிறேன். ஃபெம்டோநொடி என்பது ஒரு நொடியின் 10 கோடி கோடிப் பங்குகளில் ஒன்று. அந்தக் கால அளவில் ஒளி 0.3 மைக்ரான் தொலைவே நகரும். ஒரு துடிப்பு குறுகக் குறுக, அதில் அடங்க வேண்டிய அதிர்வெண்களின் பரப்பு விரியும். இது ஃபூரியே கணிதத்தின் கட்டாயம். கருவியின் குறைபாடு அன்று. ஆகவே மிகக் குறுகிய துடிப்பு எதுவும் ஒற்றை நிறமுடையதாக இருக்க இயலாது. பல நிறங்கள் ஒரே நேரத்தில் வந்து சேர்ந்தால்தான் அது குறுகியதாக இருக்கும். கண்ணாடியோ நிறங்களைச் சேர்ந்து நடக்க விடுவதில்லை. கட்புலனாகும் பகுதியில் நாம் பயன்படுத்தும் ஒளி ஊடுருவும் பொருள்கள் அனைத்தும் நீலத்தை மெதுவாகவும் சிவப்பை விரைவாகவும் கடத்துகின்றன. 800 நானோமீட்டர் அலைநீளத்தில் 10 ஃபெம்டோநொடித் துடிப்பு ஒன்று 1 சென்டிமீட்டர் சிலிக்கா கண்ணாடியைக் கடந்தால், மறுபக்கம் ஏறத்தாழ 100 ஃபெம்டோநொடியாக வெளிவரும். ஆற்றல் குறைவதில்லை, நிறம் எதுவும் தொலைவதில்லை. சிவப்பு முன்னும் நீலம் பின்னுமாக வரிசை கலைந்துவிடுகிறது, அவ்வளவே.

கலைந்த வரிசையை மீட்டுக்கொள்ள, சிவப்பை நிறுத்தி நீலத்தை முன்னே விடும் ஏதேனும் ஒன்று வேண்டும். கணிதத்தில் அதற்கு ஒரு கழித்தல் குறிதான் பெயர். கண்ணாடியின் குழுத்தாமத நிறப்பிரிகை கூட்டல் குறி உடையது. நமக்கு வேண்டியது கழித்தல் குறி. அந்தக் குறியைக் கண்டெடுக்கவும், அதைக் கட்டுப்படுத்தவும், பின்னர் அதைத் திருப்பிப் போடவும் மனிதர்கள் எடுத்துக்கொண்ட காலமே இத்துறையின் வரலாறு என்பது என் கருத்து.

வரலாறு ஒளியில் தொடங்கவில்லை, ராடாரில் தொடங்குகிறது. தொலைவிலுள்ள இலக்கைக் காண மிகுந்த ஆற்றல் வேண்டும். அருகருகே உள்ள இரண்டு இலக்குகளைப் பிரித்தறியக் குறுகிய துடிப்பு வேண்டும். குறுகிய துடிப்பில் மிகுந்த ஆற்றலைத் திணித்தால் அலைபரப்பும் குழாய் தாங்காது. இதற்குப் பொறியாளர்கள் கண்ட வழி, நீண்ட துடிப்பை அதிர்வெண் ஏறிக்கொண்டே போகுமாறு அனுப்பி, திரும்பி வரும் எதிரொலியைத் தாமதச் சுற்று ஒன்றின் வழியாகச் செலுத்திச் சுருக்கிக்கொள்வது. பறவையின் கீச்சொலியில் சுருதி ஏறுவதுபோல் இருந்ததால் அதற்குச் 'சிர்ப்' என்று பெயர் வந்தது. பெல் ஆய்வகத்தைச் சேர்ந்த கிளாடர், பிரைஸ், டார்லிங்டன், ஆல்பெர்ஷைம் ஆகிய நால்வரும் இதன் கோட்பாட்டை விரிவாக எழுதி வெளியிட்டது 1960 ஜூலையில். அதற்கு இரண்டு மாதங்களுக்கு முன்னர், மே 16 அன்று, தியோடர் மைமன் கலிஃபோர்னியாவில் முதல் லேசரை இயக்கியிருந்தார். இரண்டும் ஒரே கோடையில் நிகழ்ந்தது தற்செயலே. ஆனால் ராடார்க்காரர்கள் தீர்த்துவிட்ட சிக்கல் லேசர்க்காரர்களுக்குத் தீர கால் நூற்றாண்டு பிடித்தது ஏன் என்பது கேட்கத்தக்க கேள்வி. மின்சுற்றில் எந்தக் குறியுடைய தாமதத்தையும் வடிவமைத்துக்கொள்ளலாம். ஒளிக்கு அத்தகைய சுற்று கிடையாது. இயற்கை கொடுத்த கண்ணாடிதான் உண்டு, அதன் குறி தவறானது.

1964இல் பெல் ஆய்வகத்தின் ஹார்குரோவ், ஃபோர்க், போலாக் மூவரும் ஹீலியம்-நியான் லேசரின் அதிர்வு முறைகளை ஒன்றோடொன்று பூட்டி, ஒழுங்கான துடிப்புகளைப் பெற்றனர். ரிச்சர்ட் ஃபோர்க்கின் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இருபது ஆண்டுகள் கழித்து மீண்டும் வருவார். 1966இல் கனெக்டிகட்டில் உள்ள யுனைடெட் ஏர்கிராஃப்ட் ஆய்வகத்தில் டிமாரியாவும் உடனுழைப்போரும் நியோடிமியம் கண்ணாடி லேசரில் இதையே சாயம் ஒன்றின் துணையுடன் செய்து, பிக்கோநொடி அளவிலான துடிப்புகளை எட்டினர். அத்துடன் ஒரு புதிரும் வந்தது. அந்தத் துடிப்புகளின் நிறப்பரப்பு, அவற்றின் கால அளவுக்குத் தேவையானதைவிட மிக அகன்றிருந்தது. அவ்வளவு நிறங்கள் இருந்தால் துடிப்பு இன்னும் குறுகியதாக இருக்க வேண்டும். ஏன் இல்லை?

அதே ஆய்வகத்தில் பணியாற்றிய ஈ. பி. ட்ரேசி கொடுத்த விடை, துடிப்புகள் சிர்ப் உடையவை என்பது. நிறங்கள் இருக்கின்றன, ஆனால் ஒரே நேரத்தில் இல்லை. அதை நிறுவ அவர் கையாண்ட கருவிதான் இரண்டு இணையான கீற்றணிகள். முதல் கீற்றணி நிறங்களைக் கோணவாரியாகப் பிரிக்கிறது. இரண்டாவது அவற்றை மறுபடியும் ஒரே திசைக்குத் திருப்புகிறது. இடையில் சிவப்பு நீண்ட பாதையில் சென்றிருக்கும். 1968இல் ஒரு சிறு குறிப்பாகவும், 1969இல் விரிவான கட்டுரையாகவும் அவர் இதை வெளியிட்டார். அவருடைய துடிப்புகள் ஒரு பிக்கோநொடிக்கும் கீழே சுருங்கின.

ட்ரேசியின் கட்டுரையில் ஒரு நுட்பமான இடம் உண்டு. மாணவர்கள் கவனிக்க வேண்டிய இடம். பாதையின் நீளத்தை அலைநீளத்தால் வகுத்துக் கட்டத்தைக் கணக்கிட்டு, அதிலிருந்து தாமதத்தை வருவித்தால் விடை தவறாக வரும். ஒளி இரண்டாவது கீற்றணியில் விழும் இடம் நிறத்துக்கு நிறம் நகர்கிறது. அப்படித் தாண்டும் ஒவ்வொரு கீற்றுக்கும் கட்டத்தில் 2π சேர்த்தாக வேண்டும். அதைச் சேர்த்த பின்னரே கட்டத்திலிருந்து பெறும் தாமதமும், பாதையிலிருந்து நேரே பெறும் தாமதமும் ஒத்துப்போகின்றன. நான் முதன்முதலில் கணக்கிட்டபோது இந்தத் திருத்தத்தை விட்டுவிட்டு இரண்டு நாள் விழித்தேன். ட்ரேசி அரை நூற்றாண்டுக்கு முன்னரே எச்சரித்திருக்கிறார், நான்தான் படிக்கவில்லை.

அவர் கருவியைச் செய்தது, லேசரிலிருந்து வரும் துடிப்பின் குறையைக் கண்டறிவதற்காக. ஆனால் குறையில்லாத துடிப்பையும் வேண்டுமென்றே கெடுத்து, பின்னர் அதைவிடக் குறுக்கமாகச் சுருக்கலாமே என்ற எண்ணம் அதே 1969இல் ஃபிஷர், கெல்லி, குஸ்டாஃப்சன் ஆகியோருக்குத் தோன்றியது. செறிவான ஒளி ஓர் ஊடகத்தின் ஒளிவிலகல் எண்ணைத் தானே மாற்றுகிறது. அதனால் துடிப்பின் முன்பகுதி சிவந்தும் பின்பகுதி நீலமாகியும் புதிய நிறங்கள் பிறக்கின்றன. அந்த நிறங்களை வரிசைப்படுத்திச் சேர்த்தால் பழைய துடிப்பைவிடக் குறுகிய துடிப்பு கிடைக்கும். எண்ணம் சரி, ஊடகம் இல்லை. 1970இல் கார்னிங் நிறுவனம் இழப்பு குறைந்த ஒளியிழையை உருவாக்கியதும், அடுத்த பத்தாண்டில் ஒற்றைமுறை இழைகள் பரவலானதும்தான் அதற்கு வழி திறந்தன. 1982இல் சார்லஸ் ஷாங்க், ஃபோர்க் முதலானோர் 90 ஃபெம்டோநொடித் துடிப்பை இழையில் செலுத்தி, ட்ரேசியின் கீற்றணிகளால் 30 ஃபெம்டோநொடியாகச் சுருக்கினர்.

கீற்றணிக்கு ஒரு குறை உண்டு: அது ஒளியை விழுங்கும். ஒவ்வொரு முறை பட்டுத் திரும்பும்போதும் ஒரு பங்கு தொலையும். இரண்டு கீற்றணிகளில் போகவும் வரவுமாக நான்கு முறை பட்டால், அந்நாளைய கீற்றணிகளில் மிஞ்சுவது சொற்பம். லேசருக்கு வெளியே இதைப் பொறுத்துக்கொள்ளலாம். லேசர் குழிக்குள்ளே, ஒவ்வொரு சுற்றிலும் ஒளி கடக்க வேண்டிய இடத்தில், இந்த இழப்பு லேசரையே அணைத்துவிடும்.

1984இல் ஃபோர்க், ஓஸ்கார் மார்த்தினேஸ், ஜேம்ஸ் கோர்டன் மூவரும் வெளியிட்ட குறுங்கட்டுரை இதைத் தீர்த்தது. கோர்டன், 1954இல் டவுன்ஸுடன் சேர்ந்து மேசரை உருவாக்கியவர். மார்த்தினேஸ் அர்ஜென்டினாவிலிருந்து பெல் ஆய்வகத்துக்கு வந்திருந்தவர். முப்பட்டகங்களை ப்ரூஸ்டர் கோணத்தில் வைத்தால் உரிய முனைவாக்கம் கொண்ட ஒளி கிட்டத்தட்ட இழப்பின்றிக் கடக்கும். அத்தகைய இரண்டு இணைகளை எதிரெதிரே வைத்தனர். ஒரு முப்பட்டகத்தைச் சற்றே உள்ளே தள்ளினால் கண்ணாடி கூடும், கூட்டல் குறி வளரும். வெளியே இழுத்தால் கழித்தல் குறி மேலோங்கும். கற்றையின் திசையை அசைக்காமலேயே நிறப்பிரிகையை ஒரு திருகால் மாற்ற முடிந்தது. நியூட்டன் முப்பட்டகத்தால் நிறங்களைப் பிரித்ததையும் மீண்டும் சேர்த்ததையும் நாம் பள்ளியிலேயே படிக்கிறோம். நிறங்கள் எந்த நேரத்தில் வந்து சேர்கின்றன என்ற கேள்வி எழ மூன்று நூற்றாண்டுகள் ஆயின. அதுவரை அக்கேள்விக்குத் தேவையும் இருக்கவில்லை.

மாணவியின் கேள்விக்கு விடை இங்கேதான் கிடைத்தது. அதே ஆண்டில் அம்மூவரும் எழுதிய மற்றொரு கட்டுரை, முப்பட்டகம் என்ற கருவியை விட்டுவிட்டுக் கோணம் என்ற ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்கிறது. நிறங்கள் ஒரு புள்ளியிலிருந்து கோணவாரியாகப் பிரிந்து ஒரு தொலைவைக் கடக்கின்றன. அத்தொலைவில் சேரும் கட்டம், விலகு கோணத்தின் கொசைனைப் பொறுத்தது. கொசைன் வலப்புறம் விலகினாலும் இடப்புறம் விலகினாலும் ஒரே அளவு குறையும். எனவே கணக்கின் முடிவில் நிற்பது, கோணம் அதிர்வெண்ணுடன் மாறும் வீதத்தின் வர்க்கம். அதற்கு முன்னே ஒரு கழித்தல் குறி. வர்க்கத்துக்கு எத்திசையில் விலகியது என்பது தெரியாது. சிவப்பை அதிகம் விலக்கும் கீற்றணியும் நீலத்தை அதிகம் விலக்கும் முப்பட்டகமும் ஒரே விடையைத் தருவது அதனால்தான். முப்பட்டகத்தின் கண்ணாடி தன் பங்குக்குக் கூட்டல் குறியைக் கொண்டுவரும். இரண்டு முப்பட்டகங்களுக்கும் இடைப்பட்ட தொலைவு போதுமான அளவு இருந்தால் கோணம் அதை வென்றுவிடும். 'சிவப்பு அதிகக் கண்ணாடியைக் கடக்கிறது' என்ற விளக்கம் நிகழ்வதைச் சொல்கிறது. அப்படியே நிகழ்ந்தாக வேண்டும் என்பதற்கான காரணம் இந்த வர்க்கத்தில் இருக்கிறது.

முப்பட்டகங்கள் குழிக்குள் நுழைந்ததும் பலன் விரைவில் தெரிந்தது. 1985இல் வால்ட்மானிஸ், ஃபோர்க், கோர்டன் ஆகியோர் லேசரிலிருந்து நேரடியாகவே 27 ஃபெம்டோநொடித் துடிப்பைப் பெற்றனர். அதே ஆண்டில் இழையும் கீற்றணியும் சேர்ந்து 8 ஃபெம்டோநொடியைத் தந்தன. அதற்கு மேல் நகர முடியவில்லை.

தடை எங்கே என்பதை அறிய, குறியின் கதையை ஒரு படி மேலே கொண்டுபோக வேண்டும். நிறங்களின் தாமதம் அதிர்வெண்ணோடு நேர்கோட்டில் மாறினால், எதிர்க்குறியுடைய மற்றொரு நேர்கோட்டால் அதை முற்றிலும் நீக்கலாம். உண்மையில் அது வளைகோடு. வளைவைக் குறிக்கும் மூன்றாம் படிக்கும் தனியாக ஒரு குறி உண்டு. கண்ணாடியில் அது கூட்டல் குறி. கீற்றணி இணையிலும் கூட்டல் குறிதான்! இரண்டாம் படியில் கண்ணாடியின் கேட்டைக் கழிக்கும் கீற்றணி, மூன்றாம் படியில் அதன் கேட்டோடு தன் கேட்டையும் சேர்த்துவிடுகிறது. துடிப்பு குறுகும்வரை இது தெரியாது. 10 ஃபெம்டோநொடிக்குக் கீழே வந்ததும் இதுதான் முதன்மைச் சிக்கலாகிறது. முப்பட்டக இணைக்கோ, இந்த அலைநீளங்களில், இரண்டாம் படியும் மூன்றாம் படியும் கழித்தல் குறியே.

1987இல் ஃபோர்க், பிரேசிலைச் சேர்ந்த கார்லோஸ் பிரிட்டோ குரூஸ், பெக்கர், ஷாங்க் நால்வரும் கீற்றணி இணையையும் முப்பட்டக இணையையும் அடுத்தடுத்து வைத்தனர். இரண்டாம் படியை இரண்டும் சேர்ந்து நீக்கின. மூன்றாம் படியில் கீற்றணியின் மிகுதியை முப்பட்டகத்தின் குறை நிரப்பியது. விடை 6 ஃபெம்டோநொடி. அவர்கள் பயன்படுத்திய 620 நானோமீட்டர் ஒளியின் ஓர் அலைவுக்கு 2 ஃபெம்டோநொடிக்குச் சற்று மேல் ஆகும். ஆக, அந்தத் துடிப்பில் இருந்தவை மூன்று அலைவுகள். பத்தாண்டுகள் அந்த எல்லையை எவரும் தாண்டவில்லை. இத்துறையில் எனக்கு மிகவும் பிடித்த சோதனை இதுவே. புதிய பொருள் இல்லை, புதிய விளைவு இல்லை. தெரிந்த இரண்டு கருவிகளின் குறைகள் எதிரெதிர் என்பதைக் கண்டுகொண்டது மட்டுமே.

மறுபக்கம், ரோசெஸ்டரில், ராடாரின் பழைய பாடம் முழுமையாக ஒளிக்கு வந்துகொண்டிருந்தது. 1985இல் டோனா ஸ்டிரிக்லாண்டும் அவருடைய நெறியாளர் ஜெரார் மூரூவும் லேசர் துடிப்பை 1.4 கிலோமீட்டர் நீள இழையில் செலுத்தி 300 பிக்கோநொடியாக நீட்டினர். நீண்டு தணிந்த துடிப்பைப் பெருக்கினர். ட்ரேசியின் கீற்றணிகளால் 2 பிக்கோநொடியாகச் சுருக்கினர். நீட்டாமல் பெருக்கியிருந்தால் துடிப்பின் உச்சத்திறன் பெருக்கியையே சிதைத்திருக்கும். அது ஸ்டிரிக்லாண்டின் முதல் ஆய்வுக்கட்டுரை. 2018இல் அதற்கு நோபெல் பரிசு கிடைத்தது; இயற்பியலில் அப்பரிசைப் பெற்ற மூன்றாவது பெண் அவர்.

அந்தப் பரிசை ஒட்டி நான் படித்த செய்திக் கட்டுரைகள் பெரும்பாலும் 1985இல் தொடங்கி 2018இல் முடிந்தன. பரிசு பெற்றவர்களின் தகுதியில் எனக்கு ஐயமில்லை. நீட்டு, பெருக்கு, சுருக்கு என்ற மூன்றையும் ஒரே மேசையில் இணைத்துக் காட்டியவர்கள் அவர்கள்தாம். ஆயினும் சுருக்கும் பகுதி பதினாறு ஆண்டுகளாக அணியமாக இருந்தது என்பதும், நீட்டும் பகுதி 1985இல் இன்னும் முடிவடையவில்லை என்பதும் மறக்கப்படுகின்றன. இழையால் நீட்டிக் கீற்றணியால் சுருக்கினால் மூன்றாம் படிகள் கூடிக்கொள்ளும் என்று மேலே பார்த்தோம். பிக்கோநொடியில் அது பொறுக்கத்தக்கது. ஃபெம்டோநொடியில் பொறுக்க முடியாதது. கீற்றணி சுருக்கியின் கணக்கை எல்லாப் படிகளிலும் அப்படியே தலைகீழாக்கிய ஒரு நீட்டி தேவைப்பட்டது. ஆனால் கோணம் தருவது எப்போதும் கழித்தல் குறி என்று 1984இல் நிறுவியாயிற்றே?

அதை நிறுவியவர்களில் ஒருவரே வழியையும் கண்டார். வர்க்கத்தின் குறியை மாற்ற முடியாது. அதனுடன் பெருக்கப்படும் தொலைவின் குறியை மாற்றலாம். 1987இல் மார்த்தினேஸ் இரண்டு கீற்றணிகளுக்கும் இடையே ஒரு தொலைநோக்கி அமைப்பை வைத்தார். இரண்டு வில்லைகளும் முதல் கீற்றணியின் பிம்பத்தை இரண்டாவதற்கு அப்பால் கொண்டுபோய் நிறுத்த, கீற்றணிகளுக்கு இடைப்பட்ட பயனுறு தொலைவு எதிர்க்குறி உடையதாயிற்று. அவர் இதைச் செய்தது பெருக்கிகளுக்காக அன்று, 1.3 முதல் 1.6 மைக்ரான் வரையிலான தகவல்தொடர்பு அலைநீளங்களில் இழையின் நிறப்பிரிகையை ஈடுசெய்வதற்காக. அங்கே இழையே கழித்தல் குறியை உடையது, ஆகவே கூட்டல் குறி வேண்டியிருந்தது. அதே ஆண்டிலேயே பெசோ, மெய்ன், மூரூ மூவரும் அந்த அமைப்பை நீட்டியாக வைத்து, ட்ரேசியின் இணையைச் சுருக்கியாக வைத்து, துடிப்பை 1,000 மடங்கு நீட்டி மீண்டும் சுருக்கிக் காட்டினர். ஒன்று மற்றொன்றின் கண்ணாடிப் பிம்பம்போல் அமைந்ததால் கேடுகள் எல்லாப் படிகளிலும் கழிந்தன.

பின்னர் நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லலாம். 1991இல் செயின்ட் ஆண்ட்ரூஸில் சிபெட் குழுவினர் டைட்டானியம்-சஃபையர் லேசரின் குழியில் முப்பட்டக இணையை வைத்து 60 ஃபெம்டோநொடியைப் பெற்றனர். 1994இல் புடாபெஸ்ட், வியன்னா குழுக்கள் கோணமே தேவைப்படாத சிர்ப் ஆடிகளைச் செய்தன; அதில் நிறங்கள் ஆடியின் வெவ்வேறு ஆழங்களிலிருந்து திரும்புகின்றன. அவற்றின் துணையுடன் 1997இல் 6 ஃபெம்டோநொடி எல்லை உடைந்தது. 1996இல் லிவர்மோர் ஆய்வகம் பெட்டாவாட் திறனை எட்டியபோது, தங்கம் பூசிய கீற்றணிகளை ஏறத்தாழ ஒரு மீட்டர் அகலத்தில் செய்ய நேர்ந்தது. ராடாரில் சுருக்குவது திரும்பி வந்த மெல்லிய எதிரொலியை. லேசரிலோ பெருக்கிய ஆற்றல் முழுவதும் சுருக்கியின் மீது விழுகிறது. பெருக்கியைக் காப்பாற்றிய உத்தி, சுமையைக் கடைசிக் கீற்றணியின் தலையில் ஏற்றிவிட்டது. மும்பை டாடா ஆதார ஆய்வு நிறுவனத்திலும் இந்தூர் ராஜா ராமண்ணா மையத்திலும் உள்ள உயர்திறன் லேசர்களைக் காணும் வாய்ப்புக் கிடைப்பவர்கள், வெற்றிடக் கலத்துக்குள் இருக்கும் சுருக்கியைக் கேட்டுப் பாருங்கள். கீற்றணிகளின் இடைவெளி ட்ரேசியின் சமன்பாட்டில்தான் நிற்கிறது.

மறுநாள் காலை இதையெல்லாம் கரும்பலகையில் எழுதிக் காட்டினேன். மாணவி கவனமாகக் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, கீற்றணியையும் முப்பட்டகத்தையும் சேர்த்து வைத்தால் நான்காம் படியின் குறி என்ன ஆகும் என்றார். கணக்கிட்டுக்கொண்டிருக்கிறேன்.